பிரேக் மிதித்தால் நடுங்கும் கார்

ஓடுகையில் ஒரு குறையும் காட்டாத கார், பிரேக்கில் கால் வைத்த மாத்திரத்தில் குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல் நடுங்கத் தொடங்கினால், அதன் சொந்தக்காரர் முதலில் செய்ய வேண்டிய காரியம் பட்டறைக்கு ஓடுவதன்று. எது நடுங்குகிறது, எந்த வேகத்தில் நடுங்குகிறது என்பதை, முன்னும் பின்னும் வண்டி வராத ஒரு நேரான சாலையில் நிதானமாகக் கவனித்துக்கொள்வதே ஆகும். இந்த விவரம் இல்லாமல் பட்டறைக்குப் போகிறவருக்கு அநேகமாகக் கிடைப்பது, "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்ற ஒரே தீர்ப்புதான்.

ஸ்டீயரிங் கையில் உதறினால் தோஷம் பெரும்பாலும் முன் சக்கரங்களின் டிஸ்க்கில் இருக்கும். கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். லீவர் வைத்த ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியானால், காலியான சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், லீவரின் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல மெல்ல மேலே இழுத்துப் பார்க்கலாம். அப்போதும் அதே அதிர்வு வந்தால் பின்பக்கத்து டிரம் வட்டம் தப்பியிருக்கிறது என்று ஏறக்குறைய நிச்சயிக்கலாம். பிரேக்கைத் தொடாமலே எண்பதுக்கு மேல் உதறும் வண்டிக்கு வேண்டியது வீல் பாலன்சிங். அவசரமாக அழுத்தும்போது மட்டும் பெடல் காலுக்கடியில் டகடகவென்று துடிப்பது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்வதன் அறிகுறியே தவிர வியாதியன்று.

என் கார் வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் சாதுவாக இறங்கிவிட்டு, பொள்ளாச்சியைத் தாண்டிக் கோவைச் சாலையில் தொண்ணூறைத் தொட்டதும்தான் தன் குணத்தைக் காட்டிற்று. அந்த வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் பதினான்கு முறை சுழல்கிறது. ஆகவே உதறல் ஒரே அதிர்வாகக் கைகளில் ஏறுகிறது. வேகம் குறையக் குறைய அதே அதிர்வு தனித்தனித் தட்டலாகப் பிரிந்து, நிற்கப்போகும் தறுவாயில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்று எண்ணும்படி ஆகிவிடுகிறது. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

டிஸ்க்குகள் மாற்றி அதிக நாள் ஆகவில்லையாதலால், மறுபடியும் மாற்றச் சொன்ன பட்டறையை விட்டு, டயல் கேஜ் வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். "கழட்டுறதுக்கு முன்னாடி எங்க ஆடுதுன்னு பார்த்துக்குவோம் சார்" என்று சொல்லி, அவர் கேஜின் முனையை டிஸ்க்கின் முகத்தில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார், முள் 0.1 மில்லிமீட்டருக்கும் மேலே போய்த் திரும்பிற்று. டிஸ்க்கைக் கழற்றியபோது ஹப்பின் முகத்தில் நகத்தளவு துருப்பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய டிஸ்க்கை மாட்டியவர் அந்தத் துருவின்மேலேயே மாட்டியிருந்தார்! சரிவாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கே தேய்ந்து மெலிகிறது. நூறில் ஓரிரு பங்கு மில்லிமீட்டர் கனவித்தியாசமே கைக்குத் தெரியப் போதுமானது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லப்படும் சந்தர்ப்பங்களில் மிகப் பலவற்றில் நடந்திருப்பது இதுதான். மூலகாரணமாகிய துருவை விட்டுவிட்டு எத்தனை டிஸ்க் மாற்றினாலும் நடுக்கம் திரும்பி வந்தே தீரும்.

அவர் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பைச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டிப் பார்த்தபோது முள் பாதிக்கும் குறைவாகவே அசைந்தது. பிறகு டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவினோம். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சீவிய பின் அதற்குக் கீழே போகுமானால் லேத்துக் கூலியும் வீண், புதியதுதான் கதி. காலிப்பரின் ஸ்லைடர் பின்களையும் அவர் உருவிப் பார்க்கத் தவறவில்லை. உள்பக்கத்துப் பேடு வெளிப்பக்கத்ததைவிட அதிகம் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கலாம்; அதற்குச் சாதாரணக் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும், பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸே உசிதம். லோயர் ஆர்ம் புஷ் தளர்ந்திருந்தால் சிறிய நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆனால் புஷ்ஷை மட்டும் மாற்றுவது நடுக்கத்தை மறைப்பதாகுமே யன்றி நீக்குவதாகாது.

டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியை வைத்து நட்டுக்களைக் கண்மண் தெரியாமல் முறுக்கிவிடுகிறார்களே, அதுவும் டிஸ்க்கைக் கோணலாக இழுத்துவிடக் கூடியதே. எதிரெதிர் நட்டாக, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கும்படி நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வது வழக்கம். கடைக்காரருக்கு அது பிடிப்பதில்லை.

மலை இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குவது பிரேக்கின் சூட்டை வெகுவாகக் குறைக்கும். இறங்கி முடித்துச் செக்போஸ்டில் நிற்கும்போது, கொதிக்கும் டிஸ்க்கின்மேல் பேடை அழுத்தியபடியே காலை வைத்திருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் படிந்து திட்டாகி, அதுவும் பின்னால் உதறலாக முடியும். சமதளமாயிருந்தால் பெடலை விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துவது நல்லது. புதுப் பேடு போட்ட அன்றும், அறுபதிலிருந்து இருபதுக்கு மிதமாகச் சில முறை வேகத்தைக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல் சிறிது தூரம் ஓடவிட்டுக் காற்றில் ஆறவைத்த பிறகே கூட்டமான சாலைக்குக் கொண்டுவருகிறேன்.