நுவரெலியா தபாற்கந்தோரும் லயத்து விலாசமும்

நுவரெலியா டவுனுக்குப் போய் வந்தவர்கள் அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. மாடி வைத்து, கூரான கோபுரம் வைத்து, கோபுரத்தில் மணிக்கூடும் வைத்துக் கட்டிய தபாற்கந்தோர் அது. வெள்ளைக்காரர்கள் 1894ஆம் ஆண்டில் கட்டினார்கள். கீழே தபால் வேலை, மேலே தபாலதிபரின் குடியிருப்பு. குளிர் ஊரில் தங்கள் சொந்த நாட்டு ஞாபகம் வரட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, இங்கிலாந்துப் பழைய வீடு மாதிரியே கட்டிவிட்டார்கள். 'கந்தோர்' என்ற சொல்லோ அவர்களுக்கு முந்திய ஒல்லாந்தர் விட்டுப்போனது. இந்தியாவிலிருந்து வரும் உறவுக்காரரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் முழிப்பார்கள். தோட்டத்தில் இருப்பது நமக்கு 'ஆபீஸ்', டவுனில் இருப்பது 'கந்தோர்'.

இந்த முறை அந்தக் கந்தோரின் கதையைப் படிப்போம். கட்டடத்தோடு கதை முடிந்துவிடாது. அங்கிருந்து நம்ம லயத்துக்கு வரும் வழியில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

இவ்வளவு உயரத்தில், அந்தக் காலத்தில், இத்தனை பெரிய தபாற்கந்தோர் எதற்கு? தேயிலைதான் காரணம். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரை வண்டியில் தபால் ஓடத் தொடங்கியது 1832இல். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது. ரயில் 1867இல் கண்டி வரைக்கும், 1885இல் நானுஓயா வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்குள் கோப்பிச் செடிகள் நோய் பட்டு அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆகிக்கொண்டிருந்தது. கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் ஆரம்பமானது. பெட்டி எத்தனை போனது, என்ன விலைக்குப் போனது, அடுத்த மாதம் எவ்வளவு காசு வரும் என்று துரைமாருக்கும் கொழும்புக் கம்பெனிகளுக்கும் லண்டனுக்கும் ஓயாமல் கடிதம் போக வேண்டும், வர வேண்டும். ரயில் நானுஓயாவுக்கு வந்து ஒன்பதாவது வருஷம் கந்தோர் எழும்பியது. (நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரைக்கும் ஒரு சின்ன ரயிலும் 1900களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. 1940களில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள்.)

ஆகவே, கொழும்பிலிருந்து டவுன் வரைக்கும் தபால் ஒழுங்காகவே வந்தது. டவுனிலிருந்து தோட்டத்துக்கு? அரசாங்கத்தின் தபால்காரர் தோட்டத்துக்குள் வருவதில்லை. தோட்டமே ஓர் ஆளைப் போட்டது. அவர்தான் தப்பால்காரர். காலையில் பிரட்டு முடிந்ததும் தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்குவார். சில தோட்டங்களில் அந்தப் பைக்குப் பூட்டும் உண்டு, சாவி ஆபீசில். மழையோ பனியோ, மைல் கணக்கில் நடந்து, பையை நிரப்பிக்கொண்டு மலையேறி வருவார். வந்த பை நேரே ஆபீசுக்குப் போகும். முதலில் துரையின் கடிதங்கள், பிறகு ஸ்டாப் ஐயாமாரின் கடிதங்கள், கடைசியில் தொழிலாளிகளுக்கு வந்தது. அதைக் கணக்கப்பிள்ளை பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார், இல்லாவிட்டால் யாராவது பிள்ளை கையில் கொடுத்துவிடுவார். கொடுக்க மறந்தால் மேசையிலேயே கிடக்கும்.

இதில் தப்பால்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவரும் நம்மைப் போல செக்ரோலில் பேர் விழும் ஆள்தான். கடிதம் என்பது அதை வாங்குகிறவருடைய சொத்து. ஆனால் நமக்கு வந்த கடிதம், நம் கைக்கு வருமுன், நமக்கு வேலை கொடுக்கிறவரின் ஆபீசில் தங்கி வந்தது. விலாசத்திலும் அப்படித்தான்: பெயர், அதன்கீழ் தோட்டத்தின் பெயர், அதன்கீழ் டவுனின் பெயர். வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பேரில்லை. ஒரே தோட்டத்தில் நாலு லெட்சுமி, ஐந்து முத்தையா இருந்தால் கடிதம் எந்த லெட்சுமிக்கு என்று யாருக்குத் தெரியும்?

அப்படியிருந்தும் நம் ஆட்கள் அந்தக் கந்தோரை நன்றாகவே பாவித்தார்கள். சம்பளம் போட்ட பிறகு டவுனுக்குப் போகிற நாளில் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குக் காசுக்கட்டளை அனுப்பினார்கள். 'மணியோடர்' என்று சொன்னால்தான் பெரியவர்களுக்கு விளங்கும். தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி 1885இலேயே வந்துவிட்டது. அது 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது. எழுதத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தால் பெரிசு. அவரைப் பிடித்து உட்கார வைத்து, "நாங்க சொகம், நீங்க சொகமா" என்று தொடங்கி, கடன் காசு வரைக்கும் சொல்லி எழுதுவிப்பார்கள். வந்த கடிதத்தை அவரே வாசித்தும் காட்ட வேண்டும். குடும்ப ரகசியம் முழுக்க அவருக்குத் தெரியும். தந்தி வந்தாலோ வாசிக்கவே வேண்டாம். தந்தி என்ற சொல்லைக் கேட்டதுமே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

கடிதம் வெறும் சொகம் விசாரிக்கிற காரியமாக மட்டும் இருந்த காலம் 1948ஓடு போய்விட்டது. அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் போயின. அந்த மனுக்களின் வேலையெல்லாம் தபாலில்தான் நடந்தது. ஒரு மனுவை நிராகரிக்க ஆணையாளர் நினைத்தால், முதலில் அறிவித்தல் அனுப்புவார். அந்த அறிவித்தலின் திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுதாரர் காரணம் காட்ட வேண்டும். கவனியுங்கள்: கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கில்லை, அறிவித்தலின் திகதியிலிருந்துதான் கணக்கு. கடிதம் டவுனில் கிடந்த நாள், ஆபீஸ் மேசையில் கிடந்த நாள், தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் தேடிய நாள், எல்லாமே அந்த மூன்று மாதத்தில் கழிந்தன. முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். மற்றவர்கள் விடுபட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் நாடு எது என்பது ஒரு கடிதம் நேரத்துக்கு வந்து சேர்வதில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்ற பிறகு, அந்த நீல நிற விமானக் கடிதம் ஒன்றுதான் பலருக்கு மிச்சமிருந்த உறவு. ஒரு தாள், அதை மடித்தால் அதுவே உறை. ஓரங்களிலும் இடம் விடாமல் எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதங்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு.

நாடற்றவர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் முடிவு கட்டியது. விலாசப் பிரச்சினைக்கு அப்படியொரு முடிவு அதோடு சேர்ந்து வரவில்லை. பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். சபை உள்ளே வராத இடத்தில் பாதைக்குப் பேர் வைப்பது யார், வீட்டுக்கு இலக்கம் போடுவது யார்? ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப்போன குடும்பங்களுக்கு வீட்டிலக்கமும் கிராமப் பேரும் சேர்ந்து கிடைக்கும்போது, வீட்டை விட அந்த விலாசம் குறைந்ததென்று நாம் நினைக்கவில்லை. லயத்தில் இருப்பவர்களுக்கும் அது வேண்டும்.

நுவரெலியா கந்தோருக்கும் அண்மையில் ஒரு கண்டம் வந்தது. கட்டடத்தை ஹோட்டல் ஒன்றுக்குக் கொடுக்கும் யோசனை எழுந்து, 2023 நவம்பரில் தபால் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அந்தக் கட்டடம் கந்தோராகவே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. எங்கள் எண்ணமும் அதுதான்.

இனி நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் பெயரும் தோட்டமும் மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, லயன் இலக்கம், காம்பரா இலக்கம், டிவிசன், தோட்டம், அதன்கீழ் தபாலகத்தின் பெயரும் குறியீட்டு இலக்கமும் வர வேண்டும். நுவரெலியாவுக்கு 22200, ஹட்டனுக்கு 22000. தேசிய அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், சேமலாப நிதி சம்பந்தமான கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைக் காரியம் முடியும் வரைக்கும் எறியாமல் வையுங்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்தால் உறையையும் கிழித்துப் போடாதீர்கள். எந்த நாளில் எந்தத் தபாலகத்தில் இருந்தது என்பதை உறையின் மேல் குத்திய முத்திரை சொல்லும். கடிதம் எங்கே தங்கியது என்று கேட்பதற்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொன்று. உங்கள் தோட்டத்துக் கடிதங்கள் டவுன் கந்தோருக்கு வருகின்றனவா, பக்கத்து உப தபாலகத்துக்கு வருகின்றனவா என்று தபாலதிபரிடம் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் டவுன் பேரைப் போட்டுவிட்டால், கடிதம் அங்கே போய்ப் பிரிபட்டு மறுபடி உங்கள் பக்கம் திரும்பி வர இன்னும் சில நாள் பிடிக்கும்.