தன் குரலே தன் செல்வம்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள பள்ளிகளில் காலைதோறும் மாணவர் ஒன்றுகூடி வாழ்த்துப் பாடுகின்றனர். பல குரல்கள் கலந்து ஒலிக்கும் அவ்வேளையில், ஏதேனும் ஒரு குரல் மட்டும் மற்றவற்றோடு இழையாமல் தனித்துக் கேட்பதுண்டு. அது தடித்த குரலாக இருக்கலாம். கரகரத்த குரலாகவும் இருக்கலாம். பிறர் நகைப்பரோ என்று அஞ்சி, அப்பிள்ளை வாயை மட்டும் அசைத்து ஒலியை அடக்கிக்கொள்வதும் உண்டு. அவ்வாறு ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட குரல் ஒன்று, பின்னாளில் நாடு முழுவதும் விரும்பிக் கேட்ட குரலாயிற்று. அதுவே உஷா உதுப் அம்மையாரின் குரல்.

பிறப்பும் இளமையும்

உஷா 1947ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பம்பாய் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சென்னையைச் சேர்ந்த தமிழர். தந்தையார் பம்பாய்க் காவல்துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். அவ்வீட்டில் செல்வத்தினும் இசையே மிகுந்திருந்தது. கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, மேனாட்டுச் செவ்விசை ஆகிய மூன்றும் வானொலி வழியே அவ்வில்லத்தில் வேற்றுமையின்றி ஒலித்தன. இலங்கை வானொலி ஒலிபரப்பிய மேனாட்டுப் பாடல்களையும் அவர் விரும்பிக் கேட்டார். உஷாவின் தமக்கையர் மேனாட்டுப் பாடல்களைப் பாடுவதில் முன்னரே பெயர் பெற்றிருந்தனர்.

ஆயினும், பள்ளியின் இசை வகுப்பு உஷாவுக்கு இன்பம் தரவில்லை. சிறுமியர் மெல்லிய உச்சக் குரலில் சேர்ந்து பாடும் வகுப்பு அது. உஷாவின் குரலோ கனத்தது. தாழ்ந்த சுரங்களில் இயல்பாக நிற்பது. அக்குரல் மற்றவற்றோடு பொருந்தவில்லை என்று கூறி, அவரைப் பாடும் குழுவிலிருந்து விலக்கிவிட்டனர். எனினும், சிறுமியின் உள்ளத்தில் இசை இருப்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார். ஆகவே, தட்டுக்கருவிகளை அவர் கையில் கொடுத்துத் தாளமிடச் செய்தார். பாட இடம் கிடைக்காத சிறுமிக்கு அவ்வகையில் தாளம் பழகியது.

ஒன்பதாம் வயதில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தமக்கையர் அவரை வானொலிக் கலைஞர் ஹமீத் சயானியிடம் அறிமுகப்படுத்தினர். அவர் நடத்திவந்த நிகழ்ச்சியில் உஷா பாடினார். அப்பாடல் இலங்கை வானொலி வழியே ஒலிபரப்பாயிற்று. வகுப்பறையில் பொருந்தாத குரல் வானொலியில் பொருந்திற்று.

ஜாஸ் என்னும் இசை

உஷா பின்னர்ச் சென்ற வழியை அறிய, ஜாஸ் இசையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே வளர்ந்த இசை இது. அம்மக்களின் முன்னோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர். தம் உழைப்பின்போது பாடிய பாடல்களும், வழிபாட்டுப் பாடல்களும், துயரப் பாடல்களும், ஊர்வல வாத்திய இசையும் கலந்து ஜாஸ் உருவாயிற்று. டிரம்பெட், சாக்சபோன், பியானோ, டிரம் முதலியன இதற்குரிய கருவிகள்.

நம் நாட்டு இசைவாணர் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அப்போதைக்கப்போது கற்பனைச் சுரங்களைப் பொழிவர். அதனை மனோதர்மம் என்பர். ஜாஸ் இசைவாணரும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே அதனைப் புதுப்புது வடிவில் விரித்துச் செல்வர். 1958ஆம் ஆண்டில் அமெரிக்க ஜாஸ் மேதை டேவ் புரூபெக் நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னைக்கும் வந்தார். தாளத்தின் நுட்பங்களில் பேரார்வம் கொண்ட அவரை நம் நாட்டுத் தாளக் கலை பெரிதும் கவர்ந்தது.

ஜாஸ் இசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கூட்டிசையில் ஒரு குரல் மற்றொரு குரலில் கரைதல் வேண்டும். ஜாஸ் இசையிலோ ஒவ்வொரு குரலும் தானாகவே விளங்குதல் வேண்டும். லூயி ஆர்ம்ஸ்டிராங் என்பாரின் குரல் கரடுமுரடானது. பில்லி ஹாலிடே என்னும் அம்மையாரின் குரல் எட்டிய எல்லை சிறியது. எனினும், ஓர் அடி பாடிய அளவிலேயே அவர்களை உலகம் அடையாளம் கண்டுகொண்டது. பள்ளியில் குறையென்று எண்ணப்பட்ட உஷாவின் குரலுக்கு இத்தகைய இசையே ஏற்ற களமாயிற்று.

நவமணி மேடை

சென்னை மவுண்ட் ரோட்டில் 1964ஆம் ஆண்டில் சபையர் திரையரங்கு திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள் அமைந்த அதனைக் காண ஊர்ப்புறங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். அவ்வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் இரவு விடுதி இருந்தது. நவமணிகள் என்பது அப்பெயரின் பொருள். 1969ஆம் ஆண்டில், இருபதைக் கடந்த இளநங்கையாக உஷா அங்கே மேடையேறினார்.

அக்காலத்தில் இரவு விடுதிப் பாடகியர் மேனாட்டு நீள்கவுன் அணிந்து பாடுவதே வழக்கம். உஷாவோ புடவை உடுத்து, நெற்றியில் பொட்டிட்டு, தலையில் பூச்சூடி நின்றார். எவரையும் வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று அவர் அவ்வாறு செய்யவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணாகிய அவர் வழக்கமாக உடுத்தியதே புடவைதான். பாட்டி வீட்டுத் திருமணத்திற்கு வந்தவர் போல் நின்ற அப்பெண், வாய் திறந்து ஆங்கிலப் பாடலைக் கனத்த குரலில் பாடியபோது அவையோர் வியந்தனர், பின்னர் மகிழ்ந்தனர். விடுதியின் உரிமையாளர் ஒரு வாரம் தங்கிப் பாடுமாறு அவரை வேண்டிக்கொண்டார். சபையர் வளாகம் இன்று இல்லை. அவ்விடத்தில் தொடங்கிய இசைப்பயணமோ அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

பல ஊர், பல மொழி

சென்னையை அடுத்து, கல்கத்தாவின் பார்க் தெருவில் உள்ள டிரிங்காஸ் உணவகம் உஷாவை அழைத்தது. ஜாஸ் குழுக்கள் பல வாசித்துப் புகழ்பெற்ற தெரு அது. அங்கேதான் தம் வாழ்க்கைத் துணைவராகிய கேரளத்து ஜானி சாக்கோ உதுப் என்பாரையும் அவர் சந்தித்தார். பின்னர், டில்லி விடுதியொன்றில் பாடியபோது நடிகர் தேவ் ஆனந்த் அவர் பாடலைக் கேட்டார். அதன் பயனாக 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தில் உஷா பாடினார்.

ஜாஸ் பாடியவர் ஜாஸ் இசையோடு நின்றுவிடவில்லை. பாப் இசை, திரையிசை, நாட்டுப்பாடல், இறைவாழ்த்து என அனைத்தையும் பாடினார். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளிலும், அயல்மொழிகள் பலவற்றிலும் பாடினார். கென்யா நாட்டில் சுவாஹிலி மொழியில் பாடி அந்நாட்டு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். அதிபர் ஜோமோ கென்யாட்டா அவருக்கு மதிப்புறு குடியுரிமை வழங்கினார். தமிழில் 1975ஆம் ஆண்டின் ‘மேல்நாட்டு மருமகள்’, 1990ஆம் ஆண்டின் ‘அஞ்சலி’ முதலிய படங்களில் அவர் குரல் ஒலித்தது. முறையாக ஓர் ஆசிரியரிடம் இசை பயிலாத அவர், செவியையே ஆசிரியராகக் கொண்டார்.

வழக்கு மன்றத்தில்

புகழோடு எதிர்ப்பும் வந்தது. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் உஷாவின் பாடல்கள் நாட்டின் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை என்று கருதினார். அரசுக்கு உரிய அரங்குகளில் பாட அவருக்குத் தடை ஏற்பட்டது. பள்ளியில் விலக்கப்பட்டபோது அவர் சிறுமி. தாளக்கருவியைப் பெற்றுக்கொண்டு அமைந்தார். இம்முறை அவ்வாறு அமையவில்லை, உயர்நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. வெற்றி பெற்றபின் அவர் அந்நகரை வெறுத்து வெளியேறவும் இல்லை. கல்கத்தாவையே தம் ஊராகக் கொண்டார். அந்நகரின் பெயருக்கு முதலெழுத்தாகிய ‘க’ என்னும் வங்க எழுத்தைப் பொட்டாக நெற்றியில் இட்டு மேடையேறுவது அவர் வழக்கம். நெற்றியில் வங்கம், உடலில் காஞ்சிப் பட்டு, நாவில் உலகத்து மொழிகள் என்பது அவர் தோற்றம். ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றைத் துறக்க வேண்டியதில்லை என்பதை அத்தோற்றமே உணர்த்துகிறது.

பெருமைகள்

‘சாத் கூன் மாஃப்’ என்னும் இந்திப் படத்தில் பாடியதற்காக 2012ஆம் ஆண்டில் அவர் பிலிம்பேர் விருது பெற்றார். விருதைப் பகிர்ந்துகொண்டவர் உடன் பாடிய ரேகா பரத்வாஜ். இந்திய அரசு 2011ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும், 2024ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தது.

உஷா தம் குரலை மெல்லியதாக்கிக்கொள்ள முயன்றிருந்தால், கூட்டத்தில் கரைந்த பல குரல்களுள் ஒன்றாகவே அது நின்றிருக்கும். தம் குரலை மாற்றாமல், அக்குரல் பாடத்தக்க பாடல்களை அவர் உலகெங்கும் தேடிச்சென்றார். இயற்கை அளித்ததைப் பேணுதலும், பிறர் அளிப்பதை விரும்பிக் கற்றலும் அவர் வாழ்வில் ஒருங்கே அமைந்தன. நாளைக் காலை வாழ்த்துப் பாடும்போது, அருகில் நிற்கும் பிள்ளையின் குரல் தனித்து ஒலித்தால் நகைத்தல் வேண்டா. அக்குரலுக்குரிய மேடை எங்கேனும் காத்திருத்தல் கூடும்.