சாயம் உரியும் சுவர்

ஜொகூர் பாருவின் தான் ஹியோக் நீ சாலையிலும் மூவார் நகரிலும் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய கட்டடங்களின் ஐந்தடியில் நடக்கும்போது சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை சாயம் கொப்பளித்து உரிந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். மலிவான சாயம் பூசிவிட்டார்கள் என்று நாம் எளிதில் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் சாயத்தைத் தள்ளுவது சுவருக்குள் இருக்கும் நீர்தான்.

பழைய சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. இவ்விரண்டிலும் நுண்துளைகள் உள்ளன. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மண்ணிலுள்ள ஈரம் அத்துளைகள் வழியே மேலேறுகிறது. கரைந்த உப்பையும் உடன் கொண்டுவருகிறது. முன்பு சுண்ணாம்பு நீர் பூசிய சுவர்களில் ஈரம் எளிதாக வெளியேறியது. இன்றைய அக்ரிலிக் சாயமோ மெல்லிய நெகிழிப் படலம் போன்றது. ஈரம் அதன் பின்னால் தேங்க, உப்பு படிகமாகிச் சாயத்தை வெளியே தள்ளுகிறது. உரிந்த இடத்தில் சிமெண்டு பூசினால் நிலைமை மோசமாகும். ஈரம் இன்னும் மேலேறும். காரையில் வார்த்த பூவேலைப்பாடுகளும் உதிரத் தொடங்கும். அவற்றை மீண்டும் செய்யத் தெரிந்தவர்கள் இன்று அரிது.

எனவே, தூரிகையை எடுக்கும் முன் நீர் வரும் வழியைத் தேட வேண்டும். அடைபட்ட கால்வாய், உடைந்த கூரை ஓடு, ஒழுகும் குழாய் எதுவாகவும் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பார்த்தால் ஒழுக்கு தானே தெரிந்துவிடும்.

அதைச் சரிசெய்த பின் உரிந்த சாயத்தைச் சுரண்டலாம். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால், முகக்கவசம் அணிந்து, சாயத்தைச் சற்றே நனைத்துச் சுரண்டுவது நல்லது. சுவர் காயக் காய வெளிவரும் வெண்ணிற உப்பை உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். நீரூற்றிக் கழுவினால் அது மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

உதிரும் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, புதிய சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். அது காற்றிலுள்ள கரிவளியை ஈர்த்து மெல்ல மெல்ல இறுகும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஒத்துவராது. இக்கலை நமக்குப் புதிதன்று. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் 1861ஆம் ஆண்டு முதல் வழிபாடு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டினர். அதன் உட்சுவர்களில் பூசிய காரைக்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று பெயர். சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினர்.

காரை இறுகியதும் சுண்ணாம்பு நீரையோ ஈரம் வெளியேற இடந்தரும் சாயத்தையோ மெல்லிய பூச்சாகச் சில முறை பூசலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.