பால் டேங்கில் ஒரு சென்சார்

உங்கள் பிராசசருக்குள் ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கிறது. தொழிற்சாலை சென்சார்களும் இப்போது அதைப்போல டிஜிட்டலுக்கு மாறி வருகின்றன. இதனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பால் சேகரித்து விற்பவர்களுக்கு என்ன லாபம் என்று பார்ப்போம்.

கறந்த பாலை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்க வேண்டும். இரவில் கரண்ட் போய் டேங்க் சூடானால் காலையில் பால் திரிந்திருக்கும். முன்பு இதற்குப் பிடி100 சென்சாரும் தனியாக ஒரு மீட்டரும் வைப்பார்கள். பிளாட்டினக் கம்பியாலான பிடி100-ன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதை டிகிரியாக மாற்றிக் காட்டத்தான் மீட்டர்.

டிஎஸ்18பி20 என்ற சிப்புக்கு அது தேவையில்லை; அளவை எண்ணாகவே அனுப்பிவிடும். விலையும் குறைவு. அர்டுயினோ போர்டு வழியாக யூஎஸ்பி போர்ட்டில் இணைத்தால், இரவு முழுக்க என்ன வெப்பம் இருந்தது என்பதை எக்செல்லில் பார்க்கலாம். கரண்ட் போனாலும் பதிவு தொடர லேப்டாப்தான் நல்லது.

ஆனால் 125 டிகிரிக்கு மேல் இது தாங்காது. சர்க்கரை ஆலை பாய்லர் உலைக்கு இன்றும் தெர்மோகப்பிள்தான். பாலை 72 டிகிரியில் 15 விநாடி பதப்படுத்தும் இடத்திலும் நான் பிடி100-ஐயே சொல்வேன். அரை டிகிரி குறைந்தாலும் அங்கே ஆபத்து.

போலி சிப்கள் ஏராளம். ஸ்டீல் குழாயில் அடைத்து விற்பதை வாங்கி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வையுங்கள். 0-க்கு அரை டிகிரி முன்பின் காட்டினால் சரி.