முதல் பருவத்திலேயே விற்கட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கல்லூரியில் தொழில்முனைவுக்கென்று தனிப் பட்டப்படிப்பு தொடங்கப் போகிறார்கள், பாடத்திட்டக் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் இப்படி ஒரு பொறுப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நீ அனுப்பிய வரைவை நிதானமாகப் படித்தேன். தாள்களின் பெயர்கள் புதிதாக இருக்கின்றன. ஆனால் மாணவி ஒருத்தி வெளியே போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பொருளையாவது விற்றுப் பணம் வாங்க வேண்டிய கட்டாயம் ஆறு பருவங்களில் ஓரிடத்திலும் இல்லை. கடைசிப் பருவத்து புராஜெக்ட்டிலும் ஒரு திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும். நான் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். ஒரு படிப்பு எதைக் கற்றுத்தருகிறது என்பதைத் தாள்களின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மாணவியின் நேரமும் கல்லூரியின் பணமும் தேர்வின் மதிப்பெண்ணும் எங்கே போகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் 1947-இல் புதிய தொழில்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் தொடங்கினார். 188 பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த இளைஞர்களுக்குச் சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் இருந்த காலம் அது. அதன்பின் உலகெங்கும் இத்தகைய பாடங்கள் பரவின. பெரும்பாலானவை வகுப்பறைக்குள்ளேயே தங்கிவிட்டன.

அப்படித் தங்காத ஒன்றை உனக்கு விரிவாகச் சொல்கிறேன். ஃபின்லாந்தில் யூவாஸ்கூலா என்று ஒரு நகரம். அங்குள்ள பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சந்தையியல் ஆசிரியராக இருந்தவர் யோஹன்னஸ் பார்ட்டனன். உலகத்தைச் சுற்றிவர ஆசையா, அப்படியே கொஞ்சம் சந்தையியலும் கற்க விருப்பமா என்று கேட்டு 1993-இல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். அதைப் பார்த்து வந்தவர்களோடு தொடங்கியதுதான் டீமிஅகதேமியா. இன்றும் நடக்கிறது, பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

அங்கே சேர்பவர்கள் முதலாண்டிலேயே அணிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணியும் ஒரு கூட்டுறவு நிறுவனத்தைச் சட்டப்படி பதிவு செய்கிறது. விளையாட்டு நிறுவனம் இல்லை. உண்மையான வாடிக்கையாளர், உண்மையான பில், உண்மையான வரி. விரிவுரை வகுப்பு கிடையாது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அணி முழுவதும் வட்டமாக அமர்ந்து பல மணி நேரம் பேசுகிறது: எந்த வாடிக்கையாளர் ஏன் போனார், யார் சொன்ன வேலையை முடிக்கவில்லை, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது. ஆசிரியர் அந்த வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்; விடை சொல்வதில்லை. புத்தகத்தை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் புள்ளிகள் உண்டு. படித்துவிட்டு, தன் தொழிலில் அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறேன் என்று கட்டுரை எழுதினால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும். நம் மாணவிகள் மூன்றாண்டில் படிப்பதைவிட அவர்கள் அதிகம் படிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தேவை வந்தபின் படிப்பதால் அது மனத்தில் நிற்கிறது.

இவ்வளவுக்கும் அவர்கள் வாங்குவது அரசு அங்கீகரித்த சாதாரண வணிக நிர்வாக இளநிலைப் பட்டம்தான். 210 கிரெடிட், மூன்றரை ஆண்டு. கிரெடிட் சம்பாதிக்கும் வழியை மட்டும் பார்ட்டனன் மாற்றினார். உனக்கு இது முக்கியமான செய்தி. புதுப் பெயரில் ஒரு பட்டத்தைக் கண்டுபிடித்தால், நாளைக்கு உன் மாணவி மேற்படிப்புக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ விண்ணப்பிக்கும்போது இணைத்தன்மைச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கும். பி.பி.ஏ. என்றே இருக்கட்டும். 2024-25 முதல் பி.பி.ஏ.வுக்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் வேண்டும், அவர்கள் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தையும் பார்த்துக்கொள்.

ஆனால் ஃபின்லாந்தை அப்படியே பெயர்த்து எடுத்து வராதே. அங்கே உள்நாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசு உதவித்தொகையும் உண்டு. தொழிலில் கொஞ்சம் நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். உன் வகுப்பில் பாதிப்பேர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். அவர்களில் ஒருத்திக்கு இரண்டாயிரம் ரூபாய் நட்டம் என்றால், அடுத்த மாதம் அவள் படிப்பே நின்றுபோகலாம். ஆகவே மாணவியின் வீட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட இதற்குள் வரக் கூடாது என்று விதியாகவே எழுது. முதலீட்டைக் கல்லூரி தர வேண்டும். நட்டத்தையும் கல்லூரியே ஏற்க வேண்டும். இதற்கு நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் படிப்பைத் தொடங்காமலிருப்பதே நியாயம்.

இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கல்லூரியிடமே கடன் வாங்கி ஒரு தொழில் தொடங்கி, நடத்தி, ஆண்டு முடிவில் மூடவும் வேண்டும் என்று ஒரு பாடத்தை நெடுங்காலம் நடத்தி வந்தார்கள். கடனைத் திருப்பிக் கட்டியபின் மிஞ்சும் இலாபம் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். மூடுவதையும் பாடமாக வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். மிச்சச் சரக்கை என்ன செய்வது, நிலுவையை யாரிடம் வசூலிப்பது, கணக்கை எப்படி முடிப்பது என்று நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூடத் தெரியாததால் கடனுக்கு மேல் கடன் வாங்கி அழிந்த குடும்பங்களை நீயும் பார்த்திருப்பாய்.

உன் வரைவின் முதல் பருவத்தில் திட்ட அறிக்கை தயாரித்தல் என்று ஒரு தாள் இருக்கிறது. அதைப் பின்னால் தள்ளு. இந்தியாவிலிருந்து சென்று அமெரிக்காவில் ஆய்வு செய்த சரஸ் சரஸ்வதி, அனுபவம் முதிர்ந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லிப் பதிவு செய்தார். 2001-இல் வந்த அவருடைய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இலக்கைக் குறித்துவிட்டுச் சந்தை ஆய்வில் இறங்கவில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையிலிருப்பதிலிருந்து தொடங்கினார்கள். எவ்வளவு இலாபம் வரும் என்பதைவிட எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஐந்தாண்டு வருமானக் கணிப்பு அட்டவணையை அவள் எங்கிருந்தோ பார்த்துத்தான் எழுதுவாள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இதில்தான் பல நல்ல முயற்சிகள் கெட்டுப்போகின்றன. இலாபத்துக்கு மதிப்பெண் போடாதே. போட்டால் வசதியுள்ள வீட்டுப் பெண் தன் சித்தப்பாவிடமும் அத்தையிடமும் விற்றுவிட்டு முதலிடம் வாங்குவாள். உண்மையாகத் தெருவில் அலைந்தவள் பின்னால் நிற்பாள். அன்றாடக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, பேசிய வாடிக்கையாளர்கள் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு இருக்கிறதா, அதைக் கேட்டு எதை மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று பார். நட்டப்பட்டவளும் முழு மதிப்பெண் வாங்க வழி இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்ற வழக்கம் இருந்தால், செயல்முறைத் தாள்களுக்காவது அதைத் திருப்பிப்போடக் கேள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு 75 என்று இருக்கும்வரை அவள் கடைத்தெருவுக்குப் போக மாட்டாள். அவள் மேல் குற்றமும் இல்லை.

சட்டத்தையும் மறந்துவிடாதே. முதலாண்டில் பலருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. அவர்கள் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; கூட்டாண்மையில் முழுப் பங்காளியாகவும் ஆக முடியாது. எனவே முதலாண்டு விற்பனை கல்லூரியின் பெயரில், ஓர் ஆசிரியரின் பொறுப்பில் நடக்கட்டும். இரண்டாமாண்டில் அவர்களே கூட்டாண்மை பதிவு செய்து, உத்யம் பதிவும் எடுக்கட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்று, பாடத்திட்டக் குழுவில் யாரும் பேசாத விஷயம்: விடுதிக் கதவு. மாலை ஆறு மணிக்கு உங்கள் விடுதியைப் பூட்டிவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் கடைத்தெருவுக்கு வருவதோ அதன்பிறகுதான். பாதுகாப்போடு போய்வர வாகனமும் உடன் செல்ல ஆளும் ஏற்பாடு செய்யாமல், பெண்கள் தொழில் செய்ய முன்வருவதில்லை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இதற்கான செலவையும் படிப்பின் பட்ஜெட்டிலேயே எழுது.

யார் நடத்துவது என்று கேட்டிருந்தாய். பட்டறை நடத்துபவர், மளிகை மொத்த வியாபாரி, தையல் யூனிட் நடத்தும் அம்மா போன்றவர்களை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். நடைமுறைப் பேராசிரியர் என்ற பதவிக்கு யு.ஜி.சி. 2022-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. அதோடு ஒரு பருவம் மாணவிகள் பிறருடைய தொழிலில் போய் நிற்கட்டும். சிவகாசியின் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகுதான் ஊரில் ஆலை வைத்தார்கள்.

மூன்றாண்டு முடிந்ததும் எத்தனை நிறுவனம் பிறந்தது என்று உன்னைக் கேட்பார்கள். அவ்வளவு சீக்கிரம் அதற்கு விடை கிடைக்காது. பாஸ்க் நாட்டின் மொந்த்ராகோனில் அரிஸ்மெந்தியரியெட்டா என்ற பாதிரியார் தொழிற்பள்ளி தொடங்கியது 1943-இல். அதில் படித்த ஐந்து பேர் உல்கோர் என்ற முதல் தொழிற்சாலையை நிறுவியது 1956-இல். பதிமூன்று ஆண்டு ஆயிற்று. பின்னாளில் அங்கே எழுந்த பல்கலைக்கழகம்தான் ஃபின்லாந்து முறையில் 2009-இல் ஒரு பட்டப்படிப்பையும் தொடங்கியது. படித்து முடித்தவள் பத்தாண்டு கழித்துத் தொழில் தொடங்கினாலும் அது உன் படிப்பின் பலன்தான். வேலைக்குப் போய் அங்கே கணக்கை நேராக வைத்துக்கொண்டாலும் அப்படியே.

குழு அடுத்து கூடுவதற்குள் ஆறு பருவத்தையும் திருத்த முயலாதே. முதல் பருவத்தை மட்டும் மாற்றி எழுது: எத்தனை மணி நேரம் வெளியே, யார் பணம், எதற்கு மதிப்பெண் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்