திரை இருண்டால் கணினி கெட்டுவிட்டதா?



மழைக்காலத்து மாலையொன்றில் நம் மாணவன் ஒருவன் கண்ணீரோடு என்னிடம் வந்தான். செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவன் தந்தையார் பழைய கணினி ஒன்றை வாங்கித் தந்திருந்தார். அன்று கூரை ஒழுகியதால் கணினியை நிறுத்தி, மேசையை நகர்த்தி, மீண்டும் இயக்கியிருக்கிறார்கள். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. “நீதான் கெடுத்துவிட்டாய்” என்று தந்தையார் கடிந்துகொண்டார். கடன் வாங்கிப் புதுத் திரை வாங்கவும் எண்ணினார். நான் அவர்கள் இல்லம் சென்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அம்முறையே இன்றைய பாடம்.

கணினி வேறு, திரை வேறு. கணினி அனுப்பும் படத்தைத் திரை காட்டுகிறது. ஆகவே குறை திரையிலோ, கணினியிலோ, இரண்டையும் இணைக்கும் கம்பியிலோ இருக்கலாம். எதில் என்று கண்டறிந்த பின்னரே செலவு செய்தல் வேண்டும்.

1. திரையின் சிறு விளக்கைப் பாருங்கள். எரியவில்லையெனில் மின்சாரம் வராமல் இருக்கலாம். பிளக்கையும் மின்கம்பியையும் கவனியுங்கள். விளக்கு மஞ்சளாக எரிந்தாலோ மின்னினாலோ, பெரும்பாலும் திரைக்கு மின்சாரம் உண்டு, படம்தான் வரவில்லை என்று பொருள்.

2. விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி இயங்குகிறது என அறியலாம்.

3. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இணைப்புக் கம்பியின் இரு முனைகளையும் பாருங்கள். பழைய வகைக் கம்பியின் முனையில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை ஊசிகள் இருக்கும். ஊசி வளைந்துள்ளதா என நோக்கி, நேராகச் செருகி, இரு திருகுகளையும் முறுக்குங்கள்.

4. தொடக்கத்தில் படம் தோன்றிப் பின்னர் இருண்டால், குறை மென்பொருளில் இருக்கக்கூடும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் படம் திரும்புவதுண்டு.

5. இவற்றால் பயனில்லையெனில், கணினியினுள் நினைவகத் தகடு தளர்ந்திருக்கலாம். அதனைக் கற்றறிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

எச்சரிக்கை! திரையை ஒருபோதும் திறவாதீர்கள். பழைய கண்ணாடிக் குழல் திரைகளில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கும். மழைநீர் பட்ட கருவியை இயக்காதீர்கள். நம் ஜொகூரில் இடி மின்னல் மிகுதி. வானம் இருளும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அம்மாணவன் வீட்டில் விளக்கு மஞ்சளாக எரிந்தது, கணினியும் இயங்கியது. மேசையை நகர்த்தியபோது கம்பி இழுபட்டு, பாதி கழன்றிருந்தது. திருகை முறுக்கியதும் படம் தோன்றியது. ஒரு காசும் செலவில்லை. தந்தையார் ஒன்றும் பேசாமல் மகனின் தலையை வருடினார்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தே மருந்தளிக்க வேண்டும் என்பது வள்ளுவர் வாக்கு. கருவியிடமும் பிள்ளையிடமும் அவ்வாறே நடப்போமாக. முதலில் ஆராய்வோம், பிறகு முடிவு செய்வோம்.

வினாக்கள்
1. திரையின் விளக்கு மஞ்சளாக எரிவதால் நாம் அறிவது யாது?
2. திரையை ஏன் திறக்கலாகாது?