மெல்லிய உலோகப் பூச்சின் கடினத்தன்மை

எஃகின்மீது பூசிய குரோமியத்தின் கடினத்தன்மையைக் காண, வைர முனையைக் குறித்த சுமையால் அழுத்தி, உண்டாகும் குழியின் மூலைவிட்டத்தை நுண்பெருக்கியால் அளப்பர். சுமை மிகின் அடியிலுள்ள மென்மையான எஃகும் நெகிழும், எண் தாழும், நல்ல பூச்சும் தரமற்றதெனத் தள்ளப்படும். ஆதலின் குழியின் ஆழம் பூச்சின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது.

விக்கர்ஸ் வைரத்தில் மூலைவிட்டம் ஆழத்தைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு. எனவே 10 மைக்ரான் பூச்சில் மூலைவிட்டம் 7 மைக்ரானுக்குள் அடங்கவேண்டும். விக்கர்ஸ் எண் 900 கொண்ட குரோமியத்திற்கு இதற்குரிய சுமை சுமார் 24 கிராமே. இச்சிறு குழியை அளப்பதில் அரை மைக்ரான் பிழை நேரினும் எண் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மாறிவிடும்.

1939-ல் அமெரிக்காவில் உருவான நூப் வைரத்தில் நெடிய மூலைவிட்டம் ஆழத்தைப்போல் சுமார் 30 மடங்காதலின் இப்பிழை குறையும். எம்முறையாயினும், சுமையைக் குறிப்பிடாத கடினத்தன்மை எண் பயன்தராது.